மரநாயின் பெரியண்ணன் வெளிநாட்டுக்காரன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார சிறுவர் இணைப்பில் ‘பிளானட் ஜூ’ கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் வருகிற பின்டுராங்கை மட்டும் கரடியும் பூனையும் கலந்த வெளிநாட்டு அதிசயம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது கரடியும் இல்லை, பூனையும் இல்லை. புனுகுப்பூனை, மரநாய் வகையறா. வெளிநாடு என்பதும் சரியில்லை. அசாம், அருணாசலப் பிரதேசம், மேகாலயா காடுகளில் இருக்கிறது, நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்சப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையிலும் இருக்கிறது.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த விளையாட்டில் 2021 மார்ச்சில் வந்த தென்கிழக்கு ஆசியத் தொகுப்பில்தான் இது சேர்ந்தது, அதனால் தாய்லாந்து, மலேசியா என்றே மனதில் பதிந்துவிடுகிறது. அதே தொகுப்பில் செந்நாயும் உண்டு என்பதுதான் வேடிக்கை. செந்நாய் இங்கே முண்டந்துறையில் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். என் அக்கா மகன் அதையும் வெளிநாட்டு நாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

விளையாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வெள்ளை மீசை, காது நுனியில் தொங்கும் முடிக்கற்றை, கருகருவென்ற பரட்டை ரோமம் எல்லாம் பார்க்க அச்சு அசலாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடங்கள் அங்கே நிமிடங்களில் ஓடுகின்றன, குட்டி போட்டு, வளர்ந்து, கிழமாகி, நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் செத்தும் போகிறது. நிஜத்தில் இதன் கர்ப்பம் ஏறக்குறைய மூன்று மாதம், அதுவும் இணை சேர்ந்த உடனே கரு வளரத் தொடங்க வேண்டும் என்றில்லை, குட்டிகள் நல்ல காலத்தில் பிறக்கும்படி கருவை வளரவிடாமல் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கவும் அந்த உடம்புக்குத் தெரியும். அப்புறம் அந்த ‘காட்டில் விடு’ பொத்தான். அழுத்தினால் விலங்கு போய்விடும், நமக்குப் புள்ளி ஏறும். எந்தக் காட்டில் விட்டோம், அங்கே மரம் நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

மரம்தான் இதற்கு எல்லாம். வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். நாய், பூனை, கரடி எல்லாம் சேர்ந்த ஊனுண்ணி வரிசையிலேயே இப்படிப் பிடிக்கிற வால் இதற்கும் தென் அமெரிக்காவில் மரத்தில் வாழும் கிங்காஜூ என்ற விலங்குக்கும் மட்டும்தான். பின்கால்களைப் பின்பக்கமாகத் திருப்பி, நகத்தை மரப்பட்டையில் பதித்து, தலைகீழாக இறங்கும். நம் மரநாய் மூன்று நாலு கிலோதான், இது 20 கிலோவைத் தொடும், பெண் ஆணைவிடப் பெரிசு. இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவ முடியாது, கிளைகள் தொட்டுக்கொண்டு நிற்காத இடத்தில் தரைக்கு இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போகவேண்டும்.

வரிசைதான் ஊனுண்ணி, வயிறு நிறையப் போவது பழம், அதிலும் அத்தி, ஆல் வகைப் பழங்கள். தின்றுவிட்டு உச்சிக்கிளையிலேயே எச்சம் போடும், விதை அங்கேயே முளைக்கும். பனைமரத்தின் மட்டை இடுக்கில் ஆலங்கன்று முளைத்து நிற்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் கிடையாது. இங்கே அது பெரும்பாலும் பறவை செய்த வேலை, போர்னியோ காட்டில் அந்த வேலையில் பின்டுராங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

எந்தக் கம்ப்யூட்டரும் காட்ட முடியாத ஒன்று அதன் வாசம். வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசம் அடிக்கும், பொய்யில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33 பின்டுராங்குகளின் சிறுநீரைச் சோதித்து 2016ல் காரணத்தை வெளியிட்டார்கள். 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள், 33லும் இருந்தது. பாப்கார்னில் சூடு பட்டு உண்டாவது அதுதான், பாஸ்மதி சோறு மணப்பதும் அதனால்தான். பின்டுராங் சிறுநீர் கழிக்கும்போது காலும் வாலும் நனைந்துவிடும், அப்படியே கிளை கிளையாக நடந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று மற்றவற்றுக்குச் சேதி வைத்துவிட்டுப் போகும். அடுப்பே இல்லாமல் அந்த வாசம் எப்படி வருகிறது என்றால், சிறுநீரில் சேரும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம் என்கிறார்கள்.

மரநாய் வந்துபோகிற இடத்திலும் இதே போல அரிசி வேகிற வாசம் அடிக்கும். ராத்திரியில் உருளைக்கிழங்கு வேகிற வாசம் வந்தால் பாம்பு கொட்டாவி விடுகிறது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பழியில் பாதி மரநாய்க்குப் போகவேண்டியது என்று எனக்கு ஒரு சந்தேகம். பதநீர்க் கலயத்தில் வாய் வைக்கும், ஓட்டு வீட்டுப் பரணில் குட்டி போடும், காலையில் காம்பவுண்டுச் சுவர் மேல் பழக்கொட்டையாக எச்சம் கிடக்கும். கொட்டையை எண்ணினால் என்ன தின்றது என்று தெரிந்துவிடும். இதை எந்தப் பிள்ளைக்காவது காட்டியிருக்கிறோமா?

மலைக்கு மேலே இன்னொன்று இருக்கிறது, பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் திவ்யா முடப்பா ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்கப் பழம் தேடிவிட்டு, பகலில் கொடிப்புதரிலோ மரப்பொந்திலோ, சில சமயம் மலை அணில் கட்டிவைத்த கூட்டிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த விளையாட்டுத் தொகுப்பிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அடுத்த இணைப்பில் இதற்கு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள், பின்டுராங் பற்றியும் ஒரு திருத்தம் போடுங்கள். மரநாய் என்றதும் அதன் கழிவில் எடுக்கிற காபிக் கதையை மட்டும் மறுபடி எழுதிவிடாதீர்கள், அதை எல்லோரும் எழுதியாயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விக்கிரமசிங்கபுரம்.