கட்டோகோவில் தண்ணீரை வடிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உகாண்டாவின் காலை உணவான கட்டோகோ பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். 11 வருடமாகக் கம்பாலாவில் குடியிருக்கிறேன். இந்த ஊர்ச் சாப்பாடு தமிழில் வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் வாழைக்காயைத் தனியே வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் கறியில் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லுகாண்டா மொழியில் கட்டோகோ என்றாலே கலவை என்றுதான் பொருள். காயும் கறியும் ஒரே சட்டியில் வேக வேண்டும். கறிச்சாறு காய்க்குள் இறங்கும், காயின் மாவு கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். வடித்துவிட்டால் அந்த மாவெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. இங்கே பாட்டியை ஜாஜா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். முதல் தடவை கலேர்வே சந்தையில் நான் வாங்கி வந்த காயைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். அது கோஞ்சா, பழுக்கவிட்டுச் சுட்டுத் தின்கிற வாழை. கட்டோகோவுக்கு மட்டோக்கே என்கிற, பச்சையாகச் சமைக்கிற வாழைதான் வேண்டும். சமைக்க ஒன்று, சுட ஒன்று, பழமாகத் தின்ன ஒன்று, மது காய்ச்ச ஒன்று என்று இங்கே வாழையில் தனித்தனி இனம் உண்டு. 'எந்தப் பச்சைக் காயும் ஆகும்' என்ற உங்கள் குறிப்பின் வரியை ஜாஜா ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

அவர் செய்வது பியெண்டா போட்ட கட்டோகோ. பியெண்டா என்றால் குடல். உப்பும் எலுமிச்சையும் போட்டு வெந்நீரில் மூன்று நான்கு முறை கழுவி, முதல் நாள் இரவே மெத்தென்று வேகவைத்துவிடுவார். காலையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு காயைக் கத்தியால் சீவி, உடனே தண்ணீரில் போடுவார். எண்ணெய் தடவாமல் உட்கார்ந்தால் பால் பட்டு விரல் கறுத்துப்போகும், லேசில் போகாது. சிகிரி என்கிற கரியடுப்பில் வெங்காயம், தக்காளி, கொஞ்சம் மசாலாத் தூள் வதங்கியதும் குடலைச் சாறோடு ஊற்றி, காயை முழுசாக மேலே அடுக்கி, வாழை இலையால் மூடிவிடுவார். மிளகாய் போடமாட்டார். வெளிறியிருந்த காய் மஞ்சளாக மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் போதும்.

இன்னொன்று, இது அசைவம் மட்டும்தான் என்று எழுதியிருந்ததும் சரியில்லை. பீன்ஸ் போட்டும் செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேர்க்கடலையை இடித்துக் கரைத்து ஊற்றுவது. கடலைச் சாறு சட்டென்று அடிப்பிடிக்கும், அதனால் தணலைக் குறைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும். வீட்டில் நான் இதைத்தான் செய்கிறேன். சுடச்சுடத் தேநீரோடு சாப்பிட்டால் மதியம் இரண்டு மணி வரை பசிக்காது.

உங்கள் சமையல் குறிப்புகளைக் கத்தரித்து எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், என் அம்மாவும் அப்படித்தான். அதனால் வடிக்கச் சொன்ன அந்த ஒரு வரியையாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள்.

தங்கள் வாசகி,
கம்பாலா, உகாண்டா