எத்தனை கிலோ என்பது தெரியும், எத்தனை பேர் என்பது தெரியுமா? இரண்டு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர் ஒருவன் எழுதுகிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் கஞ்சாவால் மனநிலை பாதித்து அரசு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அதில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர்? விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் எத்தனை பேருக்குக் கஞ்சா இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள்? மனு 6(3) பிரிவின்படி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து வேறோர் இடத்துக்குப் போய், கடைசியில் வந்தது ஒரே வரி: “தாங்கள் கோரும் வடிவில் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.” எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படியொரு பதிவேடு உண்மையிலேயே கிடையாது. அதை உண்டாக்கும் அதிகாரம் உங்கள் இருவரிடமும்தான் இருக்கிறது.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சாவால் வரும் பாதிப்பைச் சாராயத்தோடு சேர்க்காமல் தனியாக, மாவட்டவாரியாக எண்ணுங்கள். எண்ணியதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இப்போது எதை எண்ணுகிறோம் என்பது நீங்கள் அறியாததல்ல. பிடிபட்ட கிலோ, பதிவான வழக்கு, கைதானவர், முடக்கிய வங்கிக் கணக்கு. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை தொடங்கிய ‘கஞ்சா வேட்டை’ காலத்திலிருந்து இந்த எண்களை நாளிதழில் படித்துவருகிறோம். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் பொட்டலத்தை மடக்கும் காவலரின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பிடிபட்ட எடை கூடினால் ஊரில் கஞ்சா பெருகிவிட்டது என்றும் சொல்லலாம், காவல்துறை சுறுசுறுப்பாகிவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டில் எது என்று அந்த எண் சொல்லாது. எங்கள் செட்டிநாட்டில் பெட்டியடியில் உட்காரும் பொடியன்கூட வரவை மட்டும் எழுதிவிட்டு அதை ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) என்று முதலாளியிடம் நீட்டமாட்டான்.

என் தங்கை மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது இராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான். தன்னை யாரோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றான். அம்மா வைத்த சோற்றைத் தொடமாட்டேன் என்றான். ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இளவயது டாக்டரம்மா, நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசி அவன் வாயாலேயே வரவழைத்துவிட்டார்: பத்தாம் வகுப்பிலிருந்தே கஞ்சா. அவர் பேனாவை எடுத்ததும் என் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டரம்மா, அதை மட்டும் எழுதிராதீங்க. போலீஸு வீட்டுக்கு வந்துரும், இவனுக்கு நாளைக்கு வேலை கெடைக்காது.” அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அய்யா, நான் எழுதணும்னாலும் இந்தப் பதிவேட்டுல அதுக்குன்னு கட்டம் இல்ல” என்றார். சீட்டில் விழுந்தது “மனநலக் கோளாறு, பிற”.

அந்தப் ‘பிற’ என்ற இடத்தில்தான் என் மருமகன் இன்றைக்கும் இருக்கிறான். அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை. அந்தப் பிள்ளைகளும் எந்த எண்ணிலும் இல்லை. தங்கையின் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வது? தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 64ஏ பிரிவு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. இதை எந்த ஆஸ்பத்திரிச் சுவரில் தமிழில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று தயவுசெய்து காட்டுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கட்டம் போடுவது பெரிய ஆராய்ச்சியும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளுக்கு எஃப்10, கஞ்சா வகைகளுக்கு எஃப்12 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. நம் புள்ளிவிவரங்களில்தான் எல்லாம் ஒரே சட்டியில் விழுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அட்டவணையில் போதைப்பொருளும் குடியும் ஒரே காரணம். சாலை விபத்து அறிக்கையிலும் அப்படித்தான், குடித்தவரும் போதைப்பொருள் எடுத்தவரும் ஒரே வரியில். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு நாடு முழுக்க 3.1 கோடிப் பேர், அதாவது 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் 2.8 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியிலிருந்து வரும் பாங்கு, கஞ்சா, சரஸ் ஏதோவொன்றைப் பயன்படுத்தியதாக மதிப்பிட்டது. அரிய வேலை. ஆனால் அது மாநிலத்தோடு நின்றுவிட்டது. தேவகோட்டைக்கு ஒரு மனநல மருத்துவர் போதுமா, இரண்டு வேண்டுமா என்று அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இப்போதே ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் பேச்சு நம் வாசலுக்கு வந்துவிட்டது. இமாச்சலப் பிரதேச சட்டமன்றம் மருந்துக்கும் தொழிலுக்கும் கஞ்சாச் செடி பயிரிடுவது பற்றிய குழு அறிக்கையை 2024-ல் ஏற்றது. தாய்லாந்து 2022 ஜூனில் கதவைத் திறந்துவிட்டு, 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதியைச் சாத்தியது. நாளை இங்கும் யாராவது கேட்பார்கள். நான் வேண்டும் கட்சியும் இல்லை, வேண்டாம் கட்சியும் இல்லை. முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்பு என்ன ஆனது என்று சொல்ல முடியாது என்ற கட்சி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2014 ஜனவரி முதல் தேதி கஞ்சா விற்கும் கடையைத் திறந்தது. பாதிப்புகளைத் தொகுக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் போட்டிருந்தும், 2016-ல் வந்த அரசு அறிக்கை விற்பனைக்கு முந்தைய காலத்துத் தரவு போதவில்லை, ஆகவே உறுதியாக எதையும் சொல்வது கடினம் என்று கையை விரித்தது. கனடா அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. 2018 அக்டோபர் 17-ல் சட்டம் நடப்புக்கு வரும் முன்பே, 2017-லிருந்து கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. கஞ்சாத் தடயம் எவ்வளவு என்று சில நகரங்களின் சாக்கடை நீரைக்கூட எடுத்துச் சோதித்தார்கள். டொராண்டோவில் இருக்கும் என் மகள் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, அனுப்பிய அறிக்கையைப் படித்தபின்தான் நம்பினேன்.

வெள்ளைக்காரன் நாட்டு உதாரணம் வேண்டாம் என்றால் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1893-ல் நியமித்த இந்திய கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளைக் கேட்டது. மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது, பைத்தியத்துக்குக் காரணம் ‘கஞ்சா’ என்று பல இடங்களில் எழுதியிருந்தது, மருத்துவர் ஆராய்ந்து கண்டதல்ல, கொண்டுவந்த போலீஸ்காரர் கேள்விப்பட்டுச் சொன்னது என்று தெரிந்தது. அன்று எழுதக்கூடாததை எழுதினார்கள். நாம் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருக்கிறோம்.

எண்ண ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பணிக்காலம் முழுக்க மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர், அறுவடைப் பரிசோதனையில் எத்தனை கிலோ நெல் என்று எழுதியவன் நான். கால்நடைக் கணக்கெடுப்பில் தெருநாய் வரை எண்ணும் நாடு இது. கஞ்சாவிலும் எலி வரைக்கும் கணக்கு வந்துவிட்டது. சென்னையில் பிடித்த 22 கிலோவில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாகக் காவல்துறை சொன்னதையும், 2023-ல் அந்த வழக்கில் இருவர் விடுதலையானதையும் ஊரே படித்தது. அந்த எலிகளுக்கு என்ன ஆனது என்று மருத்துவத் துறை விசாரித்ததா தெரியவில்லை. பிள்ளைகளையாவது விசாரியுங்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் எஃப்12-க்கு ஒரு கட்டம், வயதும் வட்டமும் மட்டும் போதும், பெயர் வேண்டாம், காவல்துறை கையில் அது போகவும் கூடாது. விபத்து வழக்கில் இரத்தப் பரிசோதனை எடுக்கும்போது கஞ்சாவுக்குத் தனி முடிவு. சிறுநீரில் அதன் தடயம் நாட்கணக்கில், பழகியவருக்கு வாரக்கணக்கில்கூட நிற்கும் என்பதால் ‘தடயம் இருந்தது’, ‘போதையில் ஓட்டினார்’ இரண்டையும் கலந்துவிடாதீர்கள். பள்ளிகளில் பெயர் கேட்காத கணக்கெடுப்பு ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை. சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கலாம். மருத்துவமனையும் பள்ளியும் உங்கள் கையில்தான் இருக்கின்றன, எண்ணுவதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

பதிவேட்டுப் படிவத்தின் மாதிரி ஒன்றை நானே வரைந்து, இருவர் அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம்தான், ஒன்பது கலம். சிவகங்கை மாவட்டத்தில் மட்டுமாவது ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள். நிரப்பக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் வருகிறேன். பேருந்துச் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.