பலகை வைப்பதற்கு முன்: எங்கள் ஊர் கிராமசபைக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தீர்மானத்தை எழுதிக் கொடுத்த தம்பிகளுக்கும் வணக்கம்.

பாறைக்குப் பின்னால் இருக்கும் வட்டக் குட்டையின் கரையில் 'விண்கல் விழுந்த இடம்' என்று பலகை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். செலவில் என் பங்கைத் தருகிறேன். அந்த வாசகத்துக்கு மட்டும் கை தூக்க மாட்டேன்.

நான் லாரி ஓட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை பர்கூரிலிருந்து கிரானைட் ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிராவில் ஜால்னாவுக்குப் போனபோது, லோடு இறக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சரி, சும்மா கிடப்பானேன் என்று கிளீனரும் நானும் பஸ் பிடித்து லோனாருக்குப் போனோம். விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அங்கே இருக்கிறது.

ஊரைத் தாண்டினால் தரை லேசாக மேடேறும். மேட்டில் நின்று பார்த்தால் காலடியில் பூமியே உள்வாங்கிக் கிடக்கும். 1.8 கிலோமீட்டர் அகலம், சுமார் 150 மீட்டர் ஆழம், நடுவில் பச்சையாக ஏரி. விளிம்பில் ஒரு கோயில் ஊற்று, கோமுகம் என்கிறார்கள். அதில் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. கீழே இறங்கி ஏரியில் கை விட்டால் சோப்பு கரைத்த மாதிரி வழவழப்பு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். அவ்வளவு உப்பும் சோடாக் காரமும். லவணாசுரனை விஷ்ணு கொன்ற இடம் என்பது அந்த ஊர்க் கதை.

கிளீனர் பையன் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நம்மூர் குவாரி மாதிரியே இருக்கு" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படித்தவர்களே வெகுகாலம் அதை எரிமலை வாய் என்றார்கள். அந்த வட்டாரம் முழுக்க சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பசால்ட் பாறைதானே. வட்டத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. பள்ளத்துக்குள் துளை போட்டு எடுத்த கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான், 1973-இல் சந்தேகம் தீர்ந்தது. பசால்ட்டில் இருக்கும் பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம், உருகாமலேயே, அடியின் வேகத்தில் கண்ணாடியாக மாறியிருந்தது. மஸ்கெலினைட் என்று பெயர். எரிமலை அப்படி அடிக்காது. விண்கல் அடித்தால்தான் உண்டு. அப்படியும் வயதில் இழுபறி: முதலில் ஏறத்தாழ 50,000 ஆண்டு என்றார்கள், பிறகு கல்லுக்குள் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளந்து 5,70,000 ஆண்டு என்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவள் சேலத்தில் நிலவியல் படித்த என் மகள். அவள் இன்னொன்றும் சொன்னாள். லோனார்க் கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் கிடையாது. நம் கிருஷ்ணகிரிக் கல்லில் அது வெள்ளை வெள்ளையாக நிறைந்து கிடக்கிறது. பலமான அடி விழுந்தால் குவார்ட்ஸுக்குள் இணைகோடுகள் விழுந்துவிடும், கோடிக்கணக்கான ஆண்டு ஆனாலும் அழியாது. மத்தியப் பிரதேசத்தில் தாலா என்ற இடத்தில் பள்ளம் தேய்ந்து அடையாளமே இல்லாமல் போயும், கிரானைட்டுக்குள் இருந்த அந்தக் கோடுகள்தான் காட்டிக் கொடுத்தன. அப்படியானால் நம் குட்டையை விசாரிப்பதும் சுலபம். ஓரத்தில் உள்ளங்கை அளவு கல்லை உடைத்து ஏதாவது கல்லூரி நிலவியல் துறைக்குக் கொடுத்தால் போதும்.

என் கணிப்பைக் கேட்டால், அது வெறும் சுனை. வெயிலிலும் மழையிலும் கருங்கல் வெங்காயம் போலத் தோலுரியும், தண்ணீர் தேங்குகிற இடம் இன்னும் குழியும். பாரடைசோ என்ற பெயரில் விற்கும் கிரானைட் கல்லில் ஓடும் அலைக்கோட்டை அடிபட்ட தழும்பு என்று யாரோ பேசினார்களாம். அது பூமிக்கு அடியில் வெந்து குழைந்து உண்டான கோடு. வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் அந்தக் கருப்புக் கல். குட்டையோரம் கிடைத்தது, காந்தம் ஒட்டுகிறது, கனமாக இருக்கிறது என்று ஒரு தம்பி வீட்டு வாசலில் வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். உடைந்த பக்கத்தில் பணியாரம் வெந்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறது. விண்கல்லில் அப்படிக் குமிழ் இருப்பது அபூர்வம். இரும்பு உருக்கிய கசடில்தான் அது சகஜம். லோனாரிலேயே விழுந்த கல்லின் துண்டு என்று ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை, அத்தனை பெரிய மோதலில் வந்த கல் ஆவியாகிவிடும்.

கசடுதானே என்று முகம் சுளிக்காதீர்கள். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நம் குட்டையோரமும் எவனோ ஒருவன் துருத்தி ஊதியிருந்தால், எந்தக் காலத்தில் என்பதைத் தொல்லியல் துறை பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அங்கே ஜேசிபி இறங்க வேண்டாம். பலகைக்குக் குழி தோண்டும் சாக்கில் மண்ணைப் புரட்டிவிட்டால் அப்புறம் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை, தள்ளி வையுங்கள். தம்பி அந்தக் கல்லைக் கழுவாமல், தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஒரு சாக்கில் போட்டு வைக்கட்டும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போக வண்டி நான் ஓட்டுகிறேன். டீசலும் என் கணக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஊர் பழைய லாரிக்காரன்