சாண்டருக்கு எண்டு சொல்லி வித்த டஸ்ட் கலெக்டரைத் திருப்பி எடுங்க

கஸ்டமர் சேர்விஸ் மெனேஜருக்கு,

வணக்கம் சேர். மட்டக்குளியில தளபாடம் செய்யிற சின்னப் பட்டறை எங்கட. போன மாசம் உங்கட கொழும்பு ஷோரூம்ல 138,000 ரூபா குடுத்து மரத்தூளை உறிஞ்சிப் பையில சேர்க்கிற டஸ்ட் கலெக்டர் ஒண்டு எடுத்தன். எடுக்கேக்கையே தெளிவா சொன்னன், மரம் சீவுற பிளேனருக்கு இல்ல, கையில பிடிச்சு மரத்தைத் தேய்ச்சு வழவழப்பாக்கிற ஓர்பிட்டல் சாண்டருக்குத்தான் வேணும், 5 இன்ச் டிஸ்க், 240 கிரிட் எண்ட நைசான தேய்ப்புத்தாள் வரைக்கும் அடிக்கிறம் எண்டு. குழாய் வாயை ஒடுக்கிற ரிடியூசர் ஒண்டு போட்டா சாண்டருக்கும் வடிவா இழுக்கும் எண்டு உங்கட ஆள் சொல்லித்தான் காசைக் கட்டினன்.

இழுக்கேல்ல சேர். இந்த மெஷின் 4 இன்ச் குழாயால நிறையக் காத்து எடுக்கும், ஆனா உறிஞ்சிற வலு குறைவு, பிளேனர் சுருள் அள்ள அது போதும், வாயை ஒண்டேகால் இன்ச்சுக்கு ஒடுக்கினா காத்தே வாறேல்ல. கொஞ்ச நேரம் அடிச்சிட்டு டிஸ்க்கைத் திருப்பிப் பாத்தா தூள் இழுக்கிறதுக்கு இருக்கிற 8 ஓட்டையும் தூள் அடைச்சு நிக்குது. வீட்டில கிடந்த பழைய வெக்யூமைப் பூட்டி அடிச்சுப் பாத்தன், ஓட்டை எல்லாம் சுத்தமா இருந்தது.

அதை விடப் பெரிய பிரச்சினை அந்தத் துணிப் பை. அதில 30 மைக்ரோன் எண்டு அச்சடிச்சிருக்கு, அதை விடச் சின்னத் தூளைப் பிடிக்க அது செய்யப்படேல்ல. சுவாசப்பைக்குள்ள இறங்கிற தூள் 10 மைக்ரோனுக்கும் கீழ, அதை இந்தப் பை எப்படிப் பிடிக்கும்? காலமை யன்னலால வெயில் விழேக்க பையைச் சுத்திப் புகை மாதிரி நிக்கிறது கண்ணுக்கே தெரியுது. மெஷின் இல்லாட்டி பாதித் தூளாவது மேசையடியில விழும், இது அதையும் எடுத்து முழுப் பட்டறைக்கும் ஊதுது. போன கிழமை முதிரைக் கதவு ஒண்டு அடிச்சம், பொடியனுக்குக் கண்ணிமை மயிரெல்லாம் மஞ்சள், கழுத்தில அரிப்பெடுத்து ரெண்டு நாள் வேலைக்கு வரேல்ல. மரத்தூள் மனிசருக்குப் புற்றுநோய் தரும், முக்கியமா மூக்குக்குள்ள, எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே முதலாம் வகுப்பில போட்டிட்டுது. என்னை நம்பி வேலைக்கு வாற பிள்ளை அவன்.

மூண்டு தரம் போன் பண்ணினன், மூண்டு தரமும் பையை உதறச் சொன்னாங்க. உதறினா துணியில படிஞ்ச தூள் போய் இன்னும் கூடக் கசியும், உதறாட்டி அடைச்சு இருக்கிற இழுவையும் போயிடும், இதை விக்கிற உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வேணும்.

மெஷினைத் திருப்பி எடுத்து முழுக் காசையும் தாங்க. இல்லாட்டி நுண்தூள் பில்டர் உள்ள வெக்யூம் மாதிரி எக்ஸ்ட்ராக்டர் ஒண்டைத் தாங்க, மரத்தூளுக்கு ஏற்ற பில்டர் தரமான எம் கிளாஸ் எண்டு போட்டிருக்க வேணும், விலை கூடினா மிச்சத்தை நான் கட்டுறன். விளம்பரத்தில இருக்கிற ‘சாண்டிங் வேலைக்கும் ஏற்றது’ எண்ட வரியையும் எடுத்துவிடுங்க, இன்னொரு பட்டறைக்காரன் நம்பி வாங்கக் கூடாது.

பில், பையின்ட படம், டிஸ்க்கின்ட படம் எல்லாம் இதோட இருக்கு. 14 நாளுக்குள்ள எழுத்தில பதில் வேணும், வராட்டி பாவனையாளர் அதிகார சபையில முறைப்பாடு குடுப்பன்.

இப்படிக்கு,
மட்டக்குளி பட்டறைக்காரன்