வாக்குத்தத்த அட்டையில முழு வசனத்தையும் எழுதுவோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டிசம்பர் கடைசி வாரம் வந்துட்டா எங்க வீட்டு சாப்பாட்டு மேசை முழுக்க மணிலா அட்டை, கத்தரிக்கோல், ரிப்பன்னு கிடக்கும். 31-ம் தேதி ராத்திரி ஆராதனையில 12 மணி ஆனதும் ஆளுக்கு ஒண்ணா எடுக்குறாங்களே, வேத வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை, எங்க சபையில அத எழுதுற வேலை ரொம்ப வருஷமா என் கையிலதான். வெட்டி, எழுதி, சுருட்டி, பழைய பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பேன். பட்டர்வொர்த்துல மட்டும் இல்ல, மலேசியாவுல நிறைய தமிழ் சபைகள்ல இந்தப் பழக்கம் இருக்கு, இதப் படிக்கிற பல பேரு வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல போன வருஷ அட்டை இன்னும் ஒட்டியிருக்கும்.

எங்க சபைத் தம்பி ஒருத்தரு, பிறையில ஒரு ஃபேக்டரில 11 வருஷம் வேல செஞ்சவரு, போன வருஷக் கடைசியில ஆள் குறைக்கிறோம்னு நிறுத்திட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கடன், காடிக் கடன் எல்லாம் இருக்கு. புது வருஷ ராத்திரி அவரு எடுத்த அட்டையில உபாகமம் 28, கடன் வாங்காம கடன் கொடுக்குறவனா இருப்பேங்கிற வசனம். அங்கயே நின்னு அழுதாரு, பக்கத்துல இருந்தவங்க ஸ்தோத்திரம் சொன்னாங்க. மார்ச் மாசம் என்கிட்ட வந்து, "அக்கா, நான் விசுவாசிச்சது பத்தலயா?"னு கேட்டாரு. அது நான் எழுதின அட்டை, என் கையெழுத்து. எனக்கு வாயே வரல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து டின்னுல மிச்சம் இருந்தத எல்லாம் கொட்டிப் பாத்தேன். உயர்வு, ஜெயம், பெருக்கம், வேற ஒண்ணும் இல்ல. எரேமியா 29:11 மட்டும் ஏழு அட்டை இருந்துச்சு, எல்லாருக்கும் பிடிச்ச வசனம், தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வருமே, அதுதான். ஆனா அந்த அதிகாரத்த முதல்லேர்ந்து உக்காந்து படிச்சா கதையே வேற. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடிச்சிக்கிட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேம்லேர்ந்து பாபிலோனுக்கு எழுதின கடிதம் அது. நம்ம பிடிச்சிக்கிட்ட 11-ம் வசனத்துக்கு நேர் முன்னால, 10-ம் வசனத்துல, 70 வருஷம் ஆகும்னு இருக்கு. எழுபது வருஷம்! கேட்டவங்கள்ல பாதிப் பேரு திரும்பி ஊரப் பாக்கவே போறதில்லன்னு அர்த்தம். அதுக்கு முந்தின 28-ம் அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தரு வராரு, ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துடும்னு ஆலயத்துல நின்னு எல்லாருக்கும் முன்னால சொல்றாரு, பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு அடையாளமா எரேமியா கழுத்துல மாட்டியிருந்த நுகத்தையே எடுத்து உடைக்கிறாரு. கேக்க எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ஆனா கர்த்தர் அவர அனுப்பலன்னு வேதமே சொல்லுது. இத்தன வருஷமா நான் எரேமியா பேரப் போட்டு அனனியா சொன்னதத்தான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்னு நினைச்சப்ப அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அந்த 70 வருஷத்துக்கு என்ன செய்யணும்னும் எரேமியா எழுதியிருக்காரு. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட பழத்தச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்குற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க. நம்பிக்கைன்னா அவங்களுக்கு அதுதான், இன்னைக்கு மண்ண வெட்டி விதைய ஊனுறது. எஸ்டேட்ட விட்டு வெளிய வந்து ஃபிளாட்டுல குடியேறி, காரிடார்ல தொட்டி வச்சி கருவேப்பில வளத்த எங்கம்மாவுக்கு இத யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல.

2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் கடல் பொங்கிருச்சுன்னு செய்தி வந்துச்சு. மலேசியாவுல போன 68 உயிர்ல பெரும்பாலும் நம்ம பினாங்கு மாநிலத்துலதான். அஞ்சு நாள் கழிச்சி வந்த புது வருஷ ராத்திரியில எங்க போதகர் அட்டை டின்ன எடுக்கவே இல்ல. புலம்பல் 3-ம் அதிகாரத்த மெதுவா வாசிச்சாரு, கர்த்தரோட இரக்கங்கள் காலைதோறும் புதுசுங்கிற அந்த இடத்துல கொஞ்ச நேரம் நிறுத்திட்டாரு, ஊரே இடிஞ்சி கிடக்குறப்ப எழுதினதுன்னு மட்டும் சொன்னாரு. அந்த வருஷம் எனக்கு அட்டை இல்ல, ஆனா அந்த வசனத்த இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

மெதடிஸ்ட் சபைகள்ல புது வருஷத்துல உடன்படிக்கை ஆராதனைன்னு ஒண்ணு இருக்கு, ஜான் வெஸ்லி 1755-ல ஆரம்பிச்சது. அதுல, உமக்காக என்னைய வேலையில வச்சாலும் சரி, ஒதுக்கி வச்சாலும் சரின்னு ஜெபம் பண்ணுவாங்க. அந்தத் தம்பிகிட்ட இதக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்த வரியவே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்பறம் ஃபோன்ல படம் எடுத்துக்கிட்டாரு. இப்ப கிராப் டாக்சி ஓட்டுறாரு, கடன் இன்னும் இருக்கு.

மத்த சபைகள்ல அட்டை எழுதுற வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்களுக்கும் அக்காமாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். பழக்கத்த நிறுத்தவேணாம், பிள்ளைங்க அந்தச் சுருளப் பிரிக்கிறப்ப முகத்தப் பாக்கவே ஆசையா இருக்கும். ஆனா 29:11 எழுதினா 10-ஐயும் சேத்து எழுதுங்க. ஆபகூக் 3-ஐயும் போடுங்க, அத்திமரம் துளிர்க்கல, தொழுவத்துல மாடு இல்ல, இருந்தாலும் கர்த்தருக்குள்ள சந்தோஷமா இருப்பேங்கிறது. நான் இந்த வருஷம் பத்து அட்டை எழுதிட்டேன். அத எடுக்குறவங்க முகம் வாடினா, அன்னைக்கே பக்கத்துல போய் உக்காந்து, வீட்டுல என்ன நிலைமைன்னு கேளுங்க.

31-ம் தேதிக்கு முன்னால இந்தக் கடிதத்தப் போட முடிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும் ஐயா, நிறைய சபையில அட்டைய இந்த வாரம்தான் வெட்ட ஆரம்பிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பட்டர்வொர்த்