பாப்பாவுக்கு, பாலக்கோட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. செவலை ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. தக்காளி விலையை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்று அப்பா உத்தரவு. கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

போனில் கேட்டால் நீ "ம்" என்கிறாய், "சரிம்மா" என்கிறாய், அப்புறம் சார்ஜ் இல்லை என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சீனியர், அந்த நாமக்கல் பெண், போன வாரம் எனக்கே போன் செய்தாள். அவள் இருக்கிற சேலம் ஸ்கேன் சென்டரில் ஒரு நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் கல்யாணமாகிப் போகிறாளாம், இடம் காலியாகிறதாம். உனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டும் நீல டிக் வருகிறதே தவிர பதில் வரவில்லை என்றாள். "ஆன்ட்டி, அவளுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடச் சொல்லுங்க, இந்த ஃபீல்டில் ஒரு இடம் காலியாகிறதே பெரிய விஷயம்" என்றாள். இஷ்டமில்லாமல் என்ன, பெண்ணுக்கு டைபாய்டு என்று சொல்லிவிட்டேன். அவள் விசாரித்தால் நீயும் அதையே சொல். வேறு காய்ச்சல் பெயரைச் சொல்லி என்னை மாட்டிவிடாதே.

அந்தப் பெண் சொன்னது சரிதான். எக்ஸ்ரே படித்தவனுக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஒரு வேலை உண்டு. கதிர் மருந்தை உடம்பில் ஏற்றிப் படம் எடுக்கிற உன் படிப்புக்கு, அந்தக் கதிரைப் பிடிக்கிற காமா கேமராவோ பெட் சிடியோ இருக்கிற இடம் வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு டாக்டர் பெட் ஸ்கேன் எழுதினால் சேலம், வேலூர், பெங்களூர் என்றுதான் நானே பஸ் ஏற்றி விடுகிறேன். ஆனால் எங்கே சென்டர் இருந்தாலும், அதற்கென்று படித்த டெக்னாலஜிஸ்ட் இல்லாமல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி. லைசென்ஸ் கொடுக்காது என்று முதல் வருடமே திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொன்னவள் நீ. கதிரியக்கப் பாதுகாப்புக்கு ஆர்.எஸ்.ஓ. என்கிற அதிகாரி ஒருவரும் இருந்தே ஆக வேண்டும் என்றாய். அந்த ஆர்.எஸ்.ஓ. லெவல் டூ சான்றிதழுக்கு என்ன வழி என்று பார். எய்ம்ஸ், ஜிப்மர், டாடா மெமோரியல் விளம்பரம் வந்தால் விடாதே. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமான பி.ஏ.ஆர்.சி.யின் டி.எம்.ஆர்.ஐ.டி. டிப்ளமோ முடித்தவர்களெல்லாம் போட்டிக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டு உட்காராதே. வரட்டும். ஆனால் அந்த விளம்பரங்களை நம்பி சேலத்தை விடாதே. முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில் போடு.

சங்கதி தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதே. உன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 110 நிமிடத்துக்கு ஒரு தரம் கதிர் பாதியாகிப் போகிற மருந்து, தக்காளி லாரியை விட அவசரமாக விடியற்காலையில் வந்து சேர வேண்டும். வண்டி தாமதமானால் ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கிற நோயாளி உன் முகத்தைத்தான் பார்ப்பார். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல் படுத்திருக்கச் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டே இருந்தால் பேசின தசையெல்லாம் படத்தில் எரியும் என்பாய். வாய் மூடாத நம் பெரியம்மாவுக்கு அந்த ஸ்கேன் எடுக்கவே முடியாது என்று சிரித்தாயே.

பெரியம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. போச்சம்பள்ளி வரன் விஷயமாக வந்திருந்தாள். "கதிர் வேலை பார்க்கிற பொண்ணுக்கு நாளைக்குக் குழந்தை தங்குமா" என்று கூடத்தில் நின்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடம் கர்ப்பிணிகளுக்குக் கார்டு போட்டு, தடுப்பூசி போட்டு வருகிறவள் நான். என் வீட்டுக்கே வந்து இதைக் கேட்கிறாள். நெஞ்சில் கதிரை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜ் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள், ஐந்து வருடச் சராசரி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஒரு வருடமும் 30ஐத் தாண்டக் கூடாது, கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் எல்லை, அதற்குத் தகுந்த மாதிரி வேலையை மாற்றித் தர வேண்டும் என்று நீ ஒப்பித்ததை நானும் ஒப்பித்தேன். மில்லிசீவர்ட் என்றால் என்ன என்று கேட்டாள். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். வரனைப் பற்றி நீ இப்போது யோசிக்க வேண்டாம். வேலை முதலில்.

அத்தை வேலூரில் கதிர் உள்ள அயோடின் மருந்து குடித்துவிட்டுத் தனி அறையில் இருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீ அழுதது ஒன்று. அழுத கையோடு, அந்த அறை டாய்லெட் தண்ணீர் எங்கே போகும் என்று அங்கிருந்த டெக்னீஷியனிடம் கேட்டது ஒன்று. அதைத் தனித் தொட்டியில் வைத்திருந்து, கதிர் தணிந்த பிறகுதான் திறந்துவிடுவோம் என்று அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். இன்ஜினியரிங் சீட்டை வேண்டாம் என்று நீ சொன்னது அதற்கப்புறம்தானே. அத்தை இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது வேறு ஒன்று. மூன்றாம் வருட லீவில் லேப்டாப்பில் ஒரு எலும்பு ஸ்கேன் படம் காட்டினாய். டெக்னீஷியம் என்கிற கதிர் மருந்தை ஊசியில் ஏற்றினால் மூன்று மணி நேரத்தில் எலும்பில் போய் ஒட்டும், வேலை அதிகம் நடக்கிற எலும்பு அதிகம் பிடிக்கும் என்றாய். அந்தப் படத்தில் முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாமே கன்னங்கரேலென்று இருந்தது. சிறுநீரகம் இருந்த இடமே தெரியவில்லை. இது புற்றுநோயா என்று கேட்டேன். "இல்லம்மா, ஃபுளோரைடு. தாத்தாவுக்கு எடுத்திருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாய். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிற தாத்தாவை, ஊரே கிழட்டுத்தனம் என்று சொன்னது. போர் தண்ணீர்தான் காரணம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். ஒகேனக்கல் தண்ணீர் 2013ல் வந்தது, தாத்தாவுக்குப் பிந்திவிட்டது. என் வார்த்தையை யாரும் நம்பாத காலம் ஒன்று இருந்தது பாப்பா. அதை நீ ஒரே படத்தில் காட்டினாய்.

அந்த லீவில்தான் விளக்கை அணைத்துவிட்டு என் முழங்கை மடிப்பில் விரலால் தடவி நரம்பு தேடிப் பழகினாய். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு. மருந்து நரம்பை விட்டு வெளியே இறங்கினால் ஸ்கேன் கெட்டது, கண்ணால் பார்த்து ஏமாறக் கூடாது, விரலுக்குத் தெரியணும் என்றாய். ஊசி போடுகிற கை உனக்கு என்னிடமிருந்து வந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்றுதான் சில நாள் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

சரி, ஊர்ச் செய்தி. எங்கள் பி.எச்.சி. ஸ்டாஃப் நர்ஸ் மகள் உன்னைப் போலவே பாராமெடிக்கல் படித்தவள். மெடிக்கல் கோடிங்குக்குப் போய்விட்டாள். வெளிநாட்டு இன்சூரன்சுக்காக ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு நம்பர் போடுகிற வேலையாம். கேப் வருகிறது, சம்பளம் ஒழுங்காக வருகிறது, கையில் இருக்கிற கடனை அடைக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமே இல்லை என்றுதான் அவளிடம் சொன்னேன். வீட்டில் சொல்லாமல் சேர்ந்திருந்தால்கூட நான் அவளைத் திட்டியிருக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு ஒன்று சொன்னேன், சும்மா உனக்கும் எழுதுகிறேன். இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தால், இத்தனை நாள் கேமரா பக்கம் ஏன் வரவில்லை என்பார்கள். துபாய்க்குப் போக நினைத்தாலும் அந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள்.

நீ அனுப்புகிற பணம் மாதம் பிறந்ததும் கணக்கில் ஏறிவிடுகிறது. பேங்கில் படிப்புக் கடன் தவணை நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று அப்பா ஒரு முறை கேட்டார். டியூஷன் எடுக்கிறாள் என்றேன். கோடி வீட்டுப் பையன் தக்காளி வண்டியைக் கலாசிபாளையம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வரும்போது எலக்ட்ரானிக் சிட்டியில் உன்னைப் பார்த்தானாம். கழுத்தில் நீலப் பட்டை, ஐ.டி. கார்டு, கண்ணெல்லாம் தூக்கம் என்றான். வேறு யாரையாவது பார்த்திருப்பாய், என் பெண் ஜெயநகர் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கண் விழிக்க வேண்டியிருந்தால் மோர் குடி, வெறும் டீயிலேயே வயிற்றை ஓட்டாதே.

தவணையைப் பற்றி நீ கவலைப்படாதே. என் சம்பளம் இருக்கிறது, மாந்தோப்புக் குத்தகைப் பணமும் வரும். சேலத்தில் முதலில் கம்மியாகத்தான் கொடுப்பார்களாம், அந்தப் பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாள். கம்மி என்றாலும் போ. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்கே பீரோவில்தான் இருக்கிறது. இன்டர்வியூவுக்கு முந்தின நாளே வந்துவிடு. காலையில் தருமபுரியிலிருந்து பஸ்ஸை நம்பாதே, தொப்பூர் கணவாயில் ஒரு லாரி படுத்தால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். ரயிலில் போகலாம், அப்பா கூட வருவார். இந்தப் பையில் சாமையும் ராகி மாவும் வைத்திருக்கிறேன், மாவைச் சலித்துவிட்டேன்.

எப்போது வந்து சேர முடியும் என்று அவர்கள் கேட்பார்களாம். இப்போது இருக்கிற இடத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு பதில் சொல்.

அம்மா