கத்திரி வெயிலும் சிவந்த சிறுநீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோடைக்கால நலக்குறிப்புகளில், சிறுநீரின் நிறம் மாறினால் அது உடற்சூடு, இளநீரும் மோரும் குடித்தால் போதும் என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. வெயிலில் உடலின் நீர் வற்றிச் சிறுநீர் அடர்மஞ்சளாவதற்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் சிவந்து வந்தாலும் வாசகர்கள் அதையே பின்பற்றக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் என் மைத்துனருக்கு, 56 வயதில், ஒரு கத்திரி வெயில் நாளில் சிறுநீர் இறைச்சி கழுவிய நீர்போல வந்தது. வலியும் எரிச்சலும் இல்லை. வீட்டார் சூடு என்றார்கள். மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் நின்றுவிட்டதால், இளநீர் கேட்டது என்று நாங்களும் நம்பிவிட்டோம். ஐந்து மாதம் கழித்து மீண்டும் வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்தது.

இந்நோயில் இரத்தம் இப்படி விட்டுவிட்டு வருவதுண்டு என்று மருத்துவர் அன்று விளக்கினார். இரத்தம், விலாப்புற வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைப் பழைய பாடநூல்கள் அடையாளமாகச் சொன்னாலும், அப்படி வருவோர் 10 பேரில் ஒருவர்கூட இல்லை. வந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாக அகப்படும் கட்டிகளே இன்று அதிகம். பீட்ரூட்டும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும்கூடச் சிறுநீரின் நிறத்தை மாற்றும் என்பது உண்மையே. சிவந்தது இரத்தத்தாலா, வேறெதனாலுமா என்பதை ஒரு சிறுநீர்ப் பரிசோதனை காட்டிவிடும்.

ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு மேலும் மூன்று வாரம் தயங்கினோம். நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடுவதால், அறுவைக்கு முன் ஊசி குத்திச் செய்யும் சதைப் பரிசோதனை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தோம். கட்டி 4 செ.மீ.க்குள் இருந்து, அமைந்த இடமும் ஒத்துவந்தால், அதை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள். மைத்துனருக்கு 7 செ.மீ.யைத் தாண்டியிருந்ததால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க நேர்ந்தது. முதல் தடவையே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டதற்கு மருத்துவர் பதில் சொல்லவில்லை. மற்றொரு சிறுநீரகத்தோடு அவர் மீண்டும் தறிக்குத் திரும்பிவிட்டார்; பீடியை விட்டுவிட்டார், அந்தப் பழக்கமும் இந்நோய்க்கு ஒரு காரணம் என்பதால். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியிருந்தால் வழக்கமான கீமோ இதில் அதிகம் பயன்படாதாம். கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கும் சுனிடினிப் போன்ற மாத்திரைகளும், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்துகளும்தான் கைகொடுக்குமாம்.

எனவே, ஒரே ஒரு முறை சிவந்து, வலியின்றித் தானே நின்றுவிட்டாலும், சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும் என்ற திருத்தத்தை அடுத்த வாரக் குறிப்பிலேயே, முடிந்தால் அதே இடத்தில், வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலூர்ப் பகுதி மக்கள் இதற்காக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்